நூற்று ஐம்பத்தெட்டு மில்லி

கம்ப்யூட்டர் அணைந்தபோது பல்லக்கா ஒரு கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தாள். திரையில் இருந்த கீழ்த்தாடை யாரோ ஐம்பத்தேழு வயதுக்காரருடையது. அவர் வாய்க்குள் ஸ்கேன் எடுத்து அனுப்பியிருந்தார்கள். கடைசி ஐந்து நிமிடமாகப் பெட்டிக்குள் விசிறி ஏறி ஏறி வீறிட்டது. பிறகு படக்கென்று திரை கறுத்தது, வீறிடலும் நின்றது. அந்த வாரத்தில் அது நான்காவது முறை.

திட்டு வாய் வரை வந்தது. திட்டவில்லை. அந்த வீட்டில் எட்டு மாதமாக யாரும் வாய்விட்டுத் திட்டுவதில்லை.

பல் லேப் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே பற்களை வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். பக்கத்துப் பல்லோடு எங்கே தொட வேண்டும், எதிர்ப்பல்லோடு எங்கே மோதக் கூடாது என்று பார்த்துப் பார்த்து திரையில் செதுக்கி அனுப்பினால், அங்கே இயந்திரம் வெள்ளைக் கட்டியிலிருந்து அந்தப் பல்லைக் கடைந்தெடுக்கும். 'பல்லக்கா' என்று பெயர் வைத்தது கீழ்வீட்டுத் தையல்காரி. "ஊர்ல நாலு பேர் பல்லக்குல ஏறுவாங்க. நீ பல்லுல ஏறி உக்காந்துட்டே" என்று ஒருநாள் சிரிப்புக்குச் சொன்னது, தெரு முழுக்கப் பரவி நிலைத்துவிட்டது.

அவள் கணவர் லேத்துக்காரர். இருபத்திரண்டு வருடம் ஒரே பட்டறையில் இரும்பு கடைந்தவர். பட்டறையின் கம்ப்ரஸர் தொட்டி வெடித்த அன்று அவர் நாலடி தள்ளி நின்றார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இடது காது மட்டும் போயிற்று. வலது காது போகவில்லை, சிக்கலே அதுதான். அதற்குள் எல்லாச் சத்தமும் பெருத்துப் போய் விழுந்தது. கரண்டி கீழே விழுந்தால் காதுக்குள் கம்பியை விட்டுத் திருகியது போல் இருக்கும் என்பார். காது டாக்டர் மருந்து எழுதவில்லை. "கொஞ்சம் கொஞ்சமா சத்தத்துக்குப் பழக்கணும். நாள் முழுக்கப் பஞ்சு வெச்சு அடைச்சா இன்னும் மோசமாயிடும்" என்றார். லேத்துக்காரர் நாள் முழுக்கப் பஞ்சு வைத்தே அடைத்தார். உள்ளறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

வீடு அதற்கேற்ப மாறிக்கொண்டது. குக்கர் பரணுக்குப் போயிற்று. எவர்சில்வர் தட்டுகளுக்குப் பதில் மரத்தட்டுகள் வந்தன. பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் பழைய துண்டு விரித்தார்கள். நாற்காலிக் கால்களுக்குக் காலுறை மாட்டினார்கள். கதவுக் கீல்களுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டார்கள். பேச்செல்லாம் கிசுகிசுப்பாயிற்று.

இதில் பெரும்பாடு பட்டவர் மாமனார். அவர் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். தெருவில் அவரை இன்னும் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். முன்படிக்கட்டில் நிற்பவனைப் பின்படிக்கட்டிலிருந்து கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அவர் கிசுகிசுத்தால் அடுத்த வீட்டில் கேட்கும். அதனால் பாதிப் பேச்சைக் கையாலேயே பேசப் பழகியிருந்தார்.

இப்போது தேநீர்க் கோப்பையோடு வந்து, அணைந்த திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"மறுபடியும் மூச்சை விட்டுடுச்சா?"

"ஆமா மாமா. சூடு தாங்கல."

"இந்த வெயிலுக்கு மனுஷனுக்கே தாங்கல. போன வாரம்தானே கடைக்காரன் வந்து தூசி ஊதிட்டுப் போனான்?"

"ஊதினாரு, சூட்டைக் கடத்துற பேஸ்ட்டும் புதுசாத் தடவினாரு. மூணு நாள் ஓடுச்சு. உள்ள சூட்டை இறக்குற கூலரையே மாத்தணுமாம்."

"குக்கரைப் பரண்ல ஏத்தியாச்சு, இனிமே கூலரா?" என்றார் கண்டக்டர். தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கப் போய், உள்ளறைக் கதவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. லேப் அம்மா. பல்லக்கா எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

லேப் அம்மாவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பதினாலு பல்லு செட்டு வேணும். மேல் தாடை முழுசும். அந்த மனுஷன் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி பல்லு வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. உன் பெட்டி தாங்குமா?"

"பாத்துட்டு சொல்றேன்மா."

"நான் ஒண்ணு சொல்லவா? இங்க ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு. நல்ல மெஷின் இருக்கு, ஏசி இருக்கு. நீ வந்து உக்காந்தா எனக்கும் நிம்மதி. எத்தனை நாள்தான் வீட்டுக்குள்ளயே கிடப்பே?"

பல்லக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூடியில்லாத பாத்திரத்தில் பருப்பு ஒரு மணி நேரமாக வெந்துகொண்டிருந்தது.

"அந்தக் காலி சீட்டுக்கு வரணும்னு ஆசைதான்மா" என்றாள் மிக மெதுவாக. "ஆனா இவரை விட்டுட்டு எப்படி வர்றது? கம்ப்யூட்டர் சரியாகலேன்னா வந்துதான் ஆகணும். பாக்கறேன்."

வெளியே வந்து, செட்டு அவசரமாம் என்று மட்டும் மாமனாரிடம் சொன்னாள். சீட்டைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கண்டக்டர் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். விஷயத்தை மருமகளிடம் ஒப்பித்தார்.

"பெட்டியோட வந்த கூலர் சின்னதாம். அது பேருக்கு ஒட்டியிருக்காம். உன் பிராசஸர் சும்மா இருக்கும்போது சமர்த்தா இருக்குமாம். நீ இந்தப் பல்லு வேலை குடுத்தா ரெண்டு மடங்கு சூடு தள்ளுமாம். அதுக்குப் பெரிய கூலர் ஒண்ணு வெச்சிருக்கான். கோபுரம் மாதிரி இருக்கு. இன்னைக்கே மாட்டிடலாம்னான்."

"சத்தம் எப்படி இருக்குமாம்?"

"அதைக் கேட்டா, 'கூலர்னா சத்தம் இருக்கத்தான் செய்யும் சார்'ங்கறான்."

உள்ளறைக் கதவு திறந்தது. லேத்துக்காரர் வாசலில் நின்றார். வலது காதில் பஞ்சு. பகலில் அவர் தானாகக் கதவைத் திறந்து நாட்களாகியிருந்தன.

"சத்தம் இருந்தா பரவாயில்ல" என்றார். "ஏறி ஏறி இறங்கக் கூடாது."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"இப்போ இருக்கிறது என்ன பண்ணுதுன்னா, நீ மவுஸைத் தொட்டா வீல்னு ஏறுது. விட்டா இறங்குது. மறுபடி ஏறுது. எப்போ ஏறும்னு காத்துக்கிட்டே கிடக்கிறதுதான் கொடுமை. ஒரே வேகத்துல ஓடினா லேத்து ஓடுற மாதிரி. அரை மணி நேரத்துல மறந்துபோயிடும்."

"ஒரே வேகத்துல ஓட வைக்கலாம்" என்றாள் பல்லக்கா. "செட்டிங் இருக்கு. ஆனா இந்தச் சின்ன விசிறியை மெதுவா ஓட விட்டா சூடு தாங்காது. வேகமா விட்டா உங்களுக்குத் தாங்காது."

"அப்போ பெரிய விசிறி மெதுவா ஓடணும்."

"அதான் கடைக்காரன் கோபுரம் வெச்சிருக்கானே" என்றார் கண்டக்டர்.

"எவ்ளோ உயரம்?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டா, உங்க பெட்டிக்கெல்லாம் தாராளமா போகும்னான்."

லேத்துக்காரர் முகம் சுளித்தார். தாராளமாகப் போகும் என்று யாராவது சொன்னால் பட்டறையிலும் அப்படித்தான் சுளிப்பார். "ஆழம் தெரியாம காலை விடக் கூடாது" என்றபடி உள்ளே போனார். பரணிலிருந்து தன் கருவிப் பையை இறக்கினார். அதிலிருந்து அளவெடுக்கும் வெர்னியரை எடுத்து, சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

கம்ப்யூட்டரின் பக்கக் கதவைக் கழற்றுவதற்கு இரண்டு திருகாணிகள். அவரே கழற்றினார். பெட்டியை மேசைமேல் படுக்கப் போட்டு, திறந்து கிடந்த உட்புறத்தை வெகுநேரம் பார்த்தார். பச்சைப் பலகை, நடுவில் வெற்றிலைச் செல்லம் அளவுக்கு ஒரு அலுமினிய உருண்டை, அதன் தலையில் சின்ன விசிறி. பக்கத்தில் வரிசையாக நின்ற இரண்டு ரேம் சட்டங்கள். அவற்றின் மேல் முள் முள்ளாக அலங்காரத் தகடு.

"இது எதுக்கு இவ்ளோ உயரம்?"

"சும்மா அழகுக்கு. வாங்கும்போது அதுதான் இருந்துச்சு."

பெட்டியின் விளிம்புகளுக்குக் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்தார். வெர்னியரின் ஆழக் கம்பியை அதிலிருந்து பலகை வரை இறக்கினார். எட்டவில்லை. ஒரு குச்சியை இறக்கி, நகத்தால் குறித்து, குச்சியை அளந்தார். மூன்று முறை செய்தார். மூன்று முறையும் ஒரே அளவு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பலகையிலேர்ந்து கதவு வரைக்கும் நூத்தி அறுபத்தாறு. பிராசஸரும் அதோட இருக்கையும் எட்டு. மிச்சம் நூத்தி அம்பத்தெட்டு மில்லி. அதுக்கு மேல ஒரு மில்லி கூட இருந்தா கதவு மூடாது."

தலைவலி மாத்திரை அட்டை வந்த காகிதப் பெட்டியைப் பிரித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் படம் போட்டார். ரேமின் உயரம், ரேமுக்கும் பிராசஸருக்கும் உள்ள தூரம், பின்பக்க விசிறி வரை உள்ள இடைவெளி, நாலு மூலை ஓட்டைகளின் தூரம் எல்லாவற்றையும் குறித்தார். பல்லக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் கையெழுத்தைப் பார்க்கிறாள். இரும்புப் பட்டறைக்காரனுக்கு எண்கள் மட்டும் முத்து முத்தாக வரும்.

"மாமா கொண்டு போய் காட்டட்டும்" என்றாள்.

"அவர் காட்டினா, அவன் தாராளம்னு சொல்லி அனுப்பிடுவான். நான் வர்றேன்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. வேண்டாம் என்று சொன்னால் சரி என்று திரும்பிப் படுத்துவிடுவாரோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். அந்த நேரத்து வெயிலில் தெருவில் நாய்கூட நடக்காது என்பதுதான் கணக்கு. கண்டக்டர் இருபது அடி முன்னால் போனார். லேத்துக்காரர் காதில் பஞ்சு வைத்து, அதன்மேல் மனைவியின் கம்பளிக் குல்லாயை இழுத்து விட்டிருந்தார். வியர்வை கழுத்தில் ஓடியது. பல்லக்கா அவருடைய இடது பக்கமாக, கேட்காத காதின் பக்கமாக நடந்தாள்.

மருந்துக் கடைத் திருப்பத்தில் ஒரு சரக்கு வேன் வந்தது. ஹாரன்மேல் கை வைக்கப் போன டிரைவரைப் பார்த்துக் கண்டக்டர் நடுத்தெருவில் நின்று உள்ளங்கையை உயர்த்தினார். டிரைவர் ஏனென்று தெரியாமலே வண்டியை நிறுத்தினான். மகனும் மருமகளும் திரும்பி முடிக்கும்வரை அவர் கையை இறக்கவில்லை. பிறகு, போகலாம் என்று வேனின் பக்கவாட்டில் தட்டப் போனவர், கடைசி நொடியில் நினைவு வந்து காற்றிலேயே இரண்டு தட்டுத் தட்டினார். வேன் போயிற்று.

கம்ப்யூட்டர் கடை ஒடுங்கலாக, ஆழமாக இருந்தது. ஈயம் உருகிய வாசனை. உள்ளே யாருடைய கம்ப்யூட்டரோ சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் அதைக் காட்டிச் சைகை செய்ய, கடைக்காரர் அணைத்தார். தடித்த கண்ணாடி போட்ட, நல்ல மனிதர். ஆனால் நிற்காத வாய்.

"உக்காருங்க சார். நான் அப்பாகிட்டயே சொல்லிட்டேனே. இதோ, இதுதான். இதுக்கு மேல கூலர் கிடையாது. ஆறு செம்புக் குழாய். இதைப் போட்டா உங்க பிராசஸருக்கு ஜுரமே வராது."

லேத்துக்காரர் பெட்டியை வாங்கி, பக்கவாட்டில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். "நூத்தி அறுபத்து மூணு."

"ஆமா சார்."

"எங்க பெட்டியில நூத்தி அம்பத்தெட்டுதான் இருக்கு."

"அஞ்சு மில்லி தானே சார்? கதவைக் கழட்டி வெச்சிடுங்க. காத்தோட்டமாவும் இருக்கும்."

"கதவு இல்லேன்னா சத்தம் அப்படியே வெளிய வரும்."

"தூசியும் போகும்" என்றாள் பல்லக்கா.

"விரலுக்கேத்த வீக்கம் வேணும் தம்பி" என்றார் கண்டக்டர். அவருக்கே திருப்தியாகும் அளவுக்கு மெதுவாகச் சொல்லிவிட்டார்.

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு இன்னொன்றை எடுத்தார். தட்டையாக, எந்தப் பெட்டியிலும் உட்காரும் ஜாதி. "உயரம் அறுபத்தஞ்சுதான். எதுலயும் இடிக்காது."

"விசிறி சின்னது."

"சின்னதுதான், ஆனா வேகமா ஓடும். நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்து ஐநூறு சுத்து."

"வேண்டாம்."

கடைக்காரர் அதை எடுத்து வைத்தார். சிறிது நேரம் அலமாரியில் துழாவினார். மூன்றாவது பெட்டி தூசி படிந்திருந்தது. நடுத்தரக் கோபுரம், நாலு குழாய், உயரம் நூற்று நாற்பத்தெட்டு. விசிறி பெரியது, கையகலம். சூடும் தாங்கும் என்றார். லேத்துக்காரர் தன் அட்டையை எடுத்து அளவுகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். நாலு மூலை ஓட்டைகளுக்கு ஏற்ற கொக்கி உள்ளே இருக்கிறதா என்று பிரித்துக் காட்டச் சொன்னார். இரண்டு ஜோடிக் கொக்கிகள் இருந்தன. ஒன்று பொருந்தும். பிறகு விசிறியைக் கோபுரத்தின் முன்னால் பிடித்துப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது ரேம் மேல வந்து உக்காருது."

கடைக்காரர் அட்டையைப் பார்த்தார். "ஆமா சார், இடிக்கும். உங்க ரேம் கிரீடம் வெச்ச ரேமா இருக்கு. விசிறியைக் கொஞ்சம் மேல தூக்கி மாட்டலாம்."

"எவ்ளோ தூக்கணும்?"

"ஒரு பன்னெண்டு மில்லி."

"நூத்தி நாப்பத்தெட்டும் பன்னெண்டும் நூத்தி அறுபது. கதவு மூடாது."

"அப்போ ரேமை மாத்தணும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கற மாதிரி ஆயிடுச்சு உங்க கதை."

பல்லக்காவின் மனதில் லேப்பின் காலி நாற்காலி வந்து போயிற்று. இதுதான் விதியென்றால் நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் ஒரு லேசான சந்தோஷம் இருந்ததையும் கவனித்தாள்.

லேத்துக்காரர் கோபுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசிறி முன்னாடி நின்னு காத்தைத் தள்ளுது. சரி. பின்னாடி நின்னு இழுத்தா என்ன?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "இழுக்கலாம். யாரும் அப்படி மாட்ட மாட்டாங்க."

"சூடு அதிகமாகுமா?"

"ஒண்ணு ரெண்டு டிகிரி கூடலாம். பின்பக்க விசிறி முட்டாதா?"

"நாப்பத்தோரு மில்லி இருக்கு. இந்த விசிறி தடிமன் இருபத்தஞ்சு."

கடைக்காரர் அட்டையை வாங்கி இன்னொரு முறை பார்த்தார். "சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

லேத்துக்காரர் விசிறியின் பக்கம் திரும்பிவிட்டார். கண்டக்டர், "லேத்து" என்றார்.

பெட்டியோடு வந்த விசிறியை ஓட்டிக் காட்டச் சொன்னார் லேத்துக்காரர். கடைக்காரர் மின்கம்பியைச் செருகினார். இறக்கைகளில் ஏழு நிறங்களில் விளக்கு எரிந்தது.

"பல்லு வேலைக்கு எதுக்கு இத்தனை கலர்? பல்லுன்னா ஒரே வெள்ளைதான்" என்றார் கண்டக்டர்.

"வெள்ளையிலயே பதினாறு வகை இருக்கு மாமா" என்றாள் மருமகள்.

லேத்துக்காரர் விசிறியின் சட்டத்தைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். காதை நம்பாமல் விரலால் கேட்டார். "பேரிங் அடிக்குது. வேற குடுங்க." இரண்டாவதும் அதிர்ந்தது. மூன்றாவது, விளக்கில்லாத, பழுப்பு நிற விசிறி. அதைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பஞ்சைக் கொஞ்சம் வெளியே இழுத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கேட்டார். பிறகு பஞ்சை உள்ளே தள்ளினார்.

"இது போதும்."

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்ததும் அவருக்குத் தலை வலித்தது. சாயங்காலம் வரை உள்ளறையில் கிடந்தார். வேலையை மறுநாள் காலை, ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்ட பிறகு ஆரம்பித்தார்கள்.

பழைய கூலரைக் கழற்றி, காய்ந்த பேஸ்ட்டை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தார்கள். புதுப் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைக்க வேண்டும் என்று குறிப்புத் தாளில் இருந்தது.

"வேக வெச்ச பட்டாணியா, வேக வெக்காததா?" என்றார் கண்டக்டர்.

"உங்களுக்கு வேற வேலையில்லையாப்பா?" என்றார் மகன். கோபமில்லை. கண்டக்டர் மருமகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கோபுரத்தை உட்கார வைத்து, மூலைக்கு மூலை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார் லேத்துக்காரர். ஒரே பக்கம் முறுக்கினால் சாய்ந்துவிடும் என்றார். மூன்றாவது திருகாணி விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்து ஓடியது. அவர் உடம்பு முழுக்க ஒருமுறை உதறியது. பல்லக்கா பதறி எழுந்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டி, பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தார். பிறகு தானே குனிந்து, மேசைக்கடியில் தடவி எடுத்து வந்து முறுக்கினார். விசிறியைப் பின்பக்கம் மாட்டினார். பக்கக் கதவை வைத்துத் தள்ளியபோது அது மூடியது. உள்ளே எதுவும் இடிக்கவில்லை.

பல்லக்கா செட்டிங்கைத் திறந்து, விசிறியின் வேகத்தை எண்ணூறு சுற்றில் நிறுத்தினாள். சூடு கூடினாலும் குறைந்தாலும் எண்ணூறுதான். பதினாலு பல் செட்டைத் திறந்தாள். மேல் தாடை முழுவதும் திரையில் வந்தது. பெட்டி அறுபது டிகிரி காட்டியது, அறுபத்தெட்டு, எழுபத்து மூன்று. அங்கே நின்றது. பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுபத்து நாலைத் தாண்டவில்லை. அறையில் ஒரு தாழ்ந்த ஊதல் இருந்தது, வேறொன்றும் இல்லை.

கண்டக்டர் படியிறங்கிக் கீழே போனார். தையல்காரியின் வாசலில் உட்கார்ந்து, தேக்கி வைத்ததையெல்லாம் முழுக் குரலில் பேசிவிட்டு வருவது அவருடைய தினசரி வழக்கம்.

லேத்துக்காரர் உள்ளே போகவில்லை. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் மோடாவைப் போட்டு உட்கார்ந்தார். பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இந்தக் கோரைப்பல் ஏன் இப்படித் திரும்பியிருக்கு?"

"அந்த ஆளுக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சாம். பழைய போட்டோ அனுப்பியிருக்காங்க. நேரா வெச்சா சொந்தக்காரங்களுக்கு அடையாளம் தெரியாதுன்னு பயப்படறாரு."

அவர் சிரித்தார். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"லேப்ல சீட்டு ஒண்ணு காலியா இருக்காமே."

அவள் கை நின்றது.

"யார் சொன்னா?"

"நீதான் பேசினே. அடுப்படியில."

"கதவைச் சாத்திட்டுல்ல பேசினேன்?"

"கேட்டுது."

"என்னெல்லாம் கேட்டுது?"

"எல்லாம்தான். உன் தங்கச்சிகிட்ட பேசறது, கீழ்வீட்டுக்காரிகிட்ட பேசறது. காதை மூட முடியல. பஞ்சு வெச்சாலும் கேக்குது."

"எட்டு மாசமா உள்ள படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?" அவள் குரல் உயர்ந்தது. "கேக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் இந்த வீட்டுல பூனை மாதிரி நடந்து, செத்த வீட்டுல பேசற மாதிரி பேசி..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். அவருடைய கை காதுப் பக்கம் பாதி தூரம் எழும்பியிருந்தது. அதைத் திரும்ப முழங்கால்மேல் வைத்தார்.

"வலிக்குது. பரவாயில்ல. சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? எல்லாம்தான் கேட்டுட்டீங்களே!" மறுபடியும் சத்தம் ஏறியது, இந்த முறை அவள் நிறுத்தவில்லை. "ஆமா, எனக்குப் போகணும்னுதான் இருக்கு. இங்க மூச்சு முட்டுது. நாலு மனுஷங்க குரலைக் கேக்கணும்போல இருக்கு. அடுப்படியில நின்னு அழக்கூட முடியல, மூக்கை உறிஞ்சினா உங்களுக்குக் கேட்டுடுமேன்னு."

"கேட்டுது" என்றார் அவர்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டி அதே ஊதலில் ஓடிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ தெரிஞ்சும் எதுக்கு வெயில்ல வந்தீங்க? எதுக்குக் குச்சி வெச்சு அளந்தீங்க? இது கெட்டுக் கிடந்தா நான் தானா போயிருப்பேனே?"

"அப்படிப் போகக் கூடாதுன்னுதான்." அவருக்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது. "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, வேற வழியில்லன்னு நீ போனா, அது பெட்டி அனுப்பினது. அங்க உக்காந்தும் உனக்குக் குத்தமாத்தான் இருக்கும். இப்போ பெட்டி நல்லா இருக்கு. போறதும் போகாததும் நீ சொல்றது."

"நீங்க?"

"எனக்குத் தெரியல. நேத்து கடைக்குப் போனேன். செத்துப்போயிடல."

படியில் காலடிச் சத்தம். கண்டக்டர் மூச்சிரைக்க வந்து நின்றார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கீழ்வீட்டுக்காரி கேக்கறா" என்றார் கிசுகிசுப்பாக. "டிவி எப்போ வாங்கினீங்கன்னு."

செட்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் கணவன் மனைவிக்குள் பேச்சு அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது, வாரத்தில் மூன்று நாள் லேப், மற்ற நாள் வீடு என்று அவள் சொன்னாள். அவர் சரி என்றார். அவருக்கு மத்தியானச் சாப்பாட்டை யார் போடுவது என்று கண்டக்டர் ஆரம்பித்தார். "எனக்குக் காதுலதான் கோளாறு, கையில இல்ல" என்று மகன் அந்தப் பேச்சை முடித்துவைத்தார். தினம் எவ்வளவு நேரம் பஞ்சில்லாமல் இருந்தார் என்பதை மாத்திரை அட்டைப் பெட்டியில் எழுதத் தொடங்கியிருந்தார். முதல் நாள் ஒரு மணி நேரம். இரண்டாம் நாள் நாற்பது நிமிடம்தான்.

திங்கட்கிழமை காலை பல்லக்கா பஸ் பிடித்து லேப்புக்குப் போனாள். நீளமான கூடம். ஒரு பக்கம் பல் கடையும் இயந்திரங்கள் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் ஏழெட்டுப் பேர் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, வேலையும் பேச்சுமாக இருந்தார்கள். யாரோ எதற்கோ பெரிதாகச் சிரித்தார்கள். அவளுக்கு முதலில் தலை கிறுகிறுத்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லேப் அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "வந்துட்டியா? பெட்டி ஒரேயடியாப் போயிடுச்சா?"

"இல்லம்மா. நல்லா ஓடுது. எழுபத்து நாலு டிகிரியைத் தாண்டறதில்ல."

"அப்புறம் ஏன் வந்தே?"

"வரணும்னு தோணுச்சு. வந்தேன்."

லேப் அம்மா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் சொன்ன சீட்டும் இருக்கு, இப்போ ஜன்னல் ஓரமா இன்னொண்ணும் காலியா இருக்கு. அமைதியா இருக்கும். எது வேணும்?"

பல்லக்கா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"பேச்சு அதிகமா இருக்கிற இடமாப் பாத்துக் குடுங்க" என்றாள்.